மண்ணெண்ணெய்க் களவை வெளியே சொன்னவளின் கதை: குறும்படத்துக்குச் சில யோசனைகள்

கேள்வி: திருகோணமலையில் நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கப்போகிறோம். மீனவர் சங்கமொன்றில் மானிய மண்ணெண்ணெயைக் களவாக விற்கிறார்கள், அங்கே கணக்கெழுதும் பெண் அதைக் கண்டுபிடித்து வெளியே சொல்கிறாள். கடைசியில் தலைவரைப் பொலிஸ் பிடிக்கிறது, சனம் கைதட்டுகிறது. வாசித்தவர்கள் எல்லோரும் "நல்ல கருத்து" என்கிறார்கள், அதோடு சரி. எந்தப் படங்களைப் பார்க்கலாம் அண்ணா? ஊரில் உண்மையாக நடந்த விஷயம்தான், அதனால் ஏதும் சிக்கல் வருமா? - உப்புவெளி வாசகர்

"நல்ல கருத்து" என்றால் படம் பிடிக்கவில்லை என்று அர்த்தம் தம்பி. ஊழல் என்றதும் எங்களுக்கு 1996இல் வந்த இந்தியனும் 2002இல் வந்த ரமணாவும்தான் ஞாபகம் வரும். ஒருவர் கத்தி எடுக்கிறார், மற்றவர் அதிகாரிகளைக் கடத்துகிறார். இரண்டுமே தண்டிக்கிறவரின் கதை, உங்கள் முடிவும் அந்தப் பழக்கத்தில் வந்ததுதான். ஆனால் உங்கள் பெண்ணின் கையில் இருப்பது ஒரு கணக்குக் கொப்பி மட்டும். அவளால் சொல்லத்தான் முடியும். சொன்ன பிறகு வீட்டிலும் ஊரிலும் அவளுக்கு என்ன நடக்கிறது என்பதை எழுதுங்கள், படம் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு முதலில் பார்க்க வேண்டியது மைக்கேல் மான் 1999இல் எடுத்த 'தி இன்சைடர்'. சிகரெட் கம்பனியொன்றின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த ஜெஃப்ரி வைகண்டின் உண்மைக் கதை. அவர் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்து முடித்த பிறகும் படம் நீண்ட நேரம் ஓடுகிறது, ஏனென்றால் கம்பனி வழக்குப் போடும் என்ற பயத்தில் சீபீஎஸ் நிறுவனம் அந்தப் பேட்டியை ஒளிபரப்பாமல் வைத்துக்கொள்கிறது (உண்மையிலேயே 1995இல் எடுத்த பேட்டி 1996 பெப்ரவரியில்தான் வெளிவந்தது), அதற்கிடையில் அவருடைய குடும்பம் உடைந்துபோகிறது. ரகசியம் என்ன என்று எங்களுக்குப் பாதியிலேயே தெரிந்துவிடுகிறது, ஆனாலும் எழும்ப மனம் வராது. நீங்களும் களவைக் கடைசிவரை ஒளித்துவைக்காதீர்கள், முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

1973இல் வந்த 'செர்பிகோ'வில் ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். நியூயோர்க் பொலிஸில் லஞ்சம் வாங்காத ஒருவனை மற்றவர்கள் வெறுக்கத் தொடங்குவது அவன் முறைப்பாடு செய்வதற்கு முன்னமே, தன் பங்கை எடுக்க மாட்டேன் என்று சொன்ன நாளிலேயே. உங்கள் சங்கத்திலும் அவளுக்கு ஒரு பங்கு நீட்டப்பட வேண்டும், அதுவும் வில்லன் சிரிப்போடு இல்லாமல், "பிள்ளையின்ர ரியூஷன் காசுக்கு வைச்சுக்கொள்" என்கிற மாதிரி அன்பாக.

உங்கள் பட்ஜெட்டுக்கு மிகவும் பொருத்தமானது சத்யஜித் ரேயின் 'கணசத்ரு', 1989. இப்சன் 1882இல் எழுதிய நாடகத்தை அவர் வங்காளத்துச் சிறு ஊருக்குக் கொண்டுவந்தார். கோயில் தீர்த்தம் அசுத்தமாகி நோய் பரப்புகிறது என்று ஒரு டொக்டர் சொல்கிறார், அவரை வாயைத் திறக்கவிடாமல் தடுப்பது நகரசபைத் தலைவராக இருக்கும் சொந்தத் தம்பி. ரேக்கு அப்போது இதய நோய், வெளியே போய்ப் படம்பிடிக்க டொக்டர்கள் விடவில்லை, அதனால் பெரும்பாலும் அறைகளுக்குள்ளேயே நடக்கிறது. அது அவருடைய சிறந்த படம் என்று நான் சொல்லமாட்டேன், கொஞ்சம் மேடை நாடகம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் எதிராளியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த அந்த வேலைக்காகவே பார்க்கலாம்.

இதை உங்கள் கதைக்குள் எப்படிக் கொண்டுவரலாம்? ஆதாரத்திலிருந்தே தொடங்கலாம். 'பெரிய மோசடி' என்று வசனத்தில் சொன்னால் யாருக்கும் உறைக்காது. மார்கழி மாதம், கடலுக்குப் போக வேண்டாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்த நாள், வள்ளங்கள் எல்லாம் மணலில் இழுத்துவிடப்பட்டுக் கிடக்கின்றன. அதே திகதியில் அத்தனை வள்ளத்துக்கும் எண்ணெய் கொடுத்ததாகக் கொப்பி சொல்கிறது. திருகோணமலையில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு அவள் கையெழுத்துகளைப் பார்த்துக்கொண்டு வருகிறாள், அதில் ஒன்று அவளுடைய அண்ணனுடையது. சும்மா இருந்த நாளுக்கு ஒரு சின்னத் தொகை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறான். இனி அவள் தலைவரை மட்டும் மாட்டிவிட முடியாது. இந்த இடம் கிடைத்துவிட்டால் பொலிஸ் ஜீப் உங்களுக்குத் தேவையே இல்லை, வாடகைக் காசும் மிச்சம்.

அரச திணைக்களம் ஒன்றிலிருந்து அவள் ஏதாவது ஆவணம் எடுப்பதாக இருந்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், அந்தக் காத்திருப்பு உங்களுக்குச் சும்மா கிடைக்கும் பதற்றம்.

இனிச் சட்டச் சிக்கல். இலங்கையில் அவதூறு 2002இலிருந்து குற்றவியல் குற்றம் இல்லை, ஆனால் நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் சந்தியையும் வேலையையும் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சங்கம், பதவி, குடும்ப அமைப்பு, நடந்த வருடம் எல்லாவற்றையும் மாற்றுங்கள், உண்மையான அந்தப் பெண்ணிடம் முதலில் கேளுங்கள், அவ வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். 1983இல் வந்த 'சில்க்வுட்' படத்தையும் பாருங்கள். அணு எரிபொருள் ஆலையில் வேலை செய்த கேரன் சில்க்வுட் 1974இல் பத்திரிகையாளரைச் சந்திக்கப் போகும் வழியில் கார் விபத்தில் இறந்தார், ஆனால் யார் காரணம் என்று படம் எங்கேயும் அடித்துச் சொல்வதில்லை. நிரூபிக்க முடியாததை நீங்களும் சொல்ல வேண்டாம். பொது இடத்தில் திரையிடுவதென்றால் தணிக்கை அனுமதியையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். அந்தக் களவு இன்றைக்கும் நடக்கிறது என்றால் அது படத்தோடு தீர்கிற வேலை இல்லை, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம், முறைப்பாடு செய்பவருக்கான பாதுகாப்பு 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் இருக்கிறது.

வள்ளங்கள் கரையில் கிடக்கும் காட்சிகளை மார்கழி, தை மாதங்களில்தான் எடுக்க முடியும், கமராவுக்கு மழையுறை கட்டாயம். அண்ணன் தங்கச்சி காட்சிகள் எல்லாம் வீட்டுக்குள்ளே நடப்பவை, அவற்றை இப்போதே ஒத்திகை பார்க்கத் தொடங்கலாம்.