பழைய கார், புது கடன்

கேள்வி: அண்ணா, நான் கோவைல காலேஜ் மூணாவது வருஷம், பார்ட் டைம்ல மாசம் 9,000 வருது. ஒரு பழைய ஆல்டோவுக்கு 1.5 லட்சம் லோன் தரேன்றாங்க, 12 பர்சன்ட் தான். வாங்கலாமா?

பதில்: தம்பி, அந்த 12 ஃப்ளாட் ரேட்டா, ரெட்யூசிங்கான்னு (அசல் குறையக் குறைய வட்டியும் குறையுறது) முதல்ல கேளுங்க, ஏன்னா பழைய வண்டி லோன்ல சிக்கலே அங்கதான். ஃப்ளாட்னா 3 வருஷத்துக்கு வட்டி மட்டும் 54,000, இஎம்ஐ 5,667, நீங்க அசலை அடைச்சுட்டே வந்தாலும் முழு 1.5 லட்சத்துக்கும் கடைசி வரைக்கும் வட்டி போடுவாங்க, ரெட்யூசிங் கணக்குல பாத்தா அது கிட்டத்தட்ட 21 பர்சன்ட். 9,000ல 5,667 போனா மீதி 3,333, இதுல பெட்ரோல், இன்சூரன்ஸ், திடீர்னு கிளட்ச் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? எனக்கு மனசு ஒப்பல.

அப்பாவுக்கு நிலையான சம்பளம் இருந்தா அவரை கோ-அப்ளிகன்டா, அதாவது கூட்டுக் கடன்தாரரா சேர்த்து பேங்க்ல கேட்டுப் பாருங்க, ஆனா ஒரு டியூ தவறினாலும் அவர் சிபில் ஸ்கோரும் (கடனை ஒழுங்கா கட்டுறாரான்னு காட்டுற மதிப்பெண்) சேர்ந்து அடிவாங்கும், அதை அவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. அப்புறம் ஆர்சில ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி மேல கடன் இருக்குன்ற பதிவு இருக்கான்னு பாருங்க, இருந்தா ஓனர்கிட்ட என்ஓசியும் (கடன் முடிஞ்சதுன்னு கடன் குடுத்தவங்க தர்ற கடிதம்) ஃபார்ம் 35ம் (அந்தப் பதிவை நீக்குற படிவம்) வாங்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. வண்டிக்கு 15 வருஷம் நெருங்குச்சுன்னா விட்டுடுங்க தம்பி, எஃப்சி (வண்டி ஓட்ட தகுதியா இருக்குன்ற சான்றிதழ்) செலவு தனி.