ஒரு வரி விடாமல் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

தேர்தல் முடிவு வந்த இரவில் எனக்கும் அண்ணனுக்கும் வாய்த்தகராறு. அதோடு பேச்சு நின்றுபோனது. அடுத்த மாதம் அவர் மகளுக்குத் திருமணம். பத்திரிகையைத் தபாலில் அனுப்பியிருக்கிறார், நேரில் வரவில்லை. நான் கட்சிக்காரன் இல்லை, கொள்கையைப் பார்த்து வாக்களிப்பவன். ஐந்து தேர்தலிலும் ஒரே கட்சிக்குப் போட்டது அதனால்தான். அண்ணனோ கண்மூடித்தனமான தொண்டர். போவதா, வேண்டாமா? கட்சிகளே இல்லாத ஜனநாயகம் வந்தால் இந்தப் பிளவு போய்விடுமா?

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை விடுங்கள். 1796-ல் அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் தன் விடைபெறும் உரையில் கட்சிப்பற்றின் கேடுகளைச் சொல்லி எச்சரித்தார். அதே ஆண்டு நடந்த தேர்தலில் இரண்டு கட்சிகள் மோதிக்கொண்டன. மனிதர்கள் கூடி முடிவெடுக்கும் இடத்தில் அணி சேரத்தான் செய்வார்கள்.

‘கொள்கையைப் பார்த்து வாக்களிப்பவன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன். சில வாரங்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். உங்கள் அண்ணனைக் கேட்டால் அவரும் தன்னைப் பற்றி இதையே சொல்வார், உங்களைத்தான் தொண்டர் என்பார்.

ஜெஃப்ரி கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களிடம் ஏழைகளுக்கான அரசு உதவித்திட்டம் ஒன்றைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார். சிலருக்குத் தாராளமான திட்டம், சிலருக்குக் கறாரான திட்டம். கூடவே, இதை எந்தக் கட்சி ஆதரிக்கிறது என்ற தகவலையும் மாற்றி மாற்றிச் சேர்த்தார். தன் கட்சி ஆதரிக்கிறது என்று தெரிந்ததும், வழக்கமாக அரசு உதவி அதிகம் வேண்டும் என்னும் தாராளவாதிகள் கறாரான திட்டத்துக்குத் தலையாட்டினார்கள், அதைக் குறைக்கச் சொல்லும் பழமைவாதிகள் தாராளமான திட்டத்துக்குத் தலையாட்டினார்கள். திட்டத்தில் என்ன இருந்தது என்பது ஏறக்குறைய பொருட்டாகவே இல்லை. ஆனால் காரணம் கேட்டபோது, திட்டத்தின் விவரங்களைப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம் என்றார்கள். கட்சியைப் பார்த்து முடிவெடுப்பது எதிர்த்தரப்பின் பழக்கம் என்றும் நம்பினார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை, ச. உண்மையாகவே அப்படி நம்பினார்கள். நீங்களும் உண்மையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. தன்னைத் தொண்டன் என்று ஒப்புக்கொள்பவனோடு பேசலாம், அவனுக்குத் தன் சாய்வு தெரியும். தனக்குச் சாய்வே இல்லை என்பவனிடம் என்ன பேசுவது? உங்கள் கட்சி கடைசியாகச் செய்தவற்றில் நீங்கள் கைதட்டிய ஒன்றை எடுத்து, அண்ணனின் கட்சி செய்ததாக எண்ணிப் பாருங்கள். அப்போதும் கை தட்டுமா? தட்டும் என்று உடனே பதில் சொல்லாதீர்கள். ஒருநாள் வைத்திருந்து யோசியுங்கள்.

வேறு கட்சி ஆதரவாளரைப் பிள்ளை மணந்தால் வருந்துவீர்களா என்று 1960-ல் அமெரிக்கர்களிடம் கேட்டார்கள். ஆம் என்றவர்கள் இரு கட்சியிலும் 100-க்குச் சுமார் 5 பேர்தான். 2010-ல் கேட்டபோது குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழ பாதிப்பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவர். வாக்குச்சாவடியோடு முடிய வேண்டியது கல்யாணவீட்டுக்குள் வந்துவிட்டது, உங்கள் வீட்டுக்குள் வந்திருப்பதைப் போல.

என் அப்பா தீவிரமான கட்சிக்காரர். அவருடைய நெருங்கிய நண்பர் எதிர்க்கட்சியில் ஊறியவர். அப்பாவுக்குக் கண்ணில் அறுவைசிகிச்சை நடந்து சில வாரங்கள் படிக்க முடியாமல் இருந்தபோது, அவர்தான் தினமும் காலையில் வந்து அப்பாவின் கட்சி நாளிதழை உரக்கப் படித்துக் காட்டுவார். அதில் அவருடைய தலைவரைத் திட்டாத நாள் கிடையாது. அந்த வரிகள் வரும்போதும் குரல் மாறாது, வேகம் கூடாது. கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருக்கும் அப்பாதான் நெளிவார். “அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போப்பா” என்பார். “ஏன் விடணும்? உன் பேப்பர், நீ காசு கொடுத்து வாங்கினது” என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கடைசிப் பக்கம் வரை முடித்து, தாளை நான்காக மடித்துத் தலைமாட்டில் வைப்பார். அதன்பிறகுதான் சண்டையை ஆரம்பிப்பார். அடுக்களையில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்கும் அளவுக்குச் சண்டை. மறுநாள் காலையில் செருப்புச் சத்தம் கேட்டதும் அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

தபாலில் வந்த அந்த உறையை எடுத்துப் பாருங்கள். முகவரி அண்ணனின் கையெழுத்தில் இருந்தால், முதல் நாளே போய்விடுங்கள். இல்லாவிட்டாலும் போங்கள்.