செய்தியில் 2800, ஃபிடே பட்டியலில் 2799: அர்ஜுன் எரிகைசி விஷயத்தில் எது சரி?

செஸ் வீரர் அர்ஜுனின் ரேட்டிங் (ஆட்டத்திறன் புள்ளி) 2800-ஐத் தாண்டியதாகச் செய்தி, ஆனால் ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) பட்டியலில் 2799 என்று குழப்பமா? இரண்டுமே சரிதான். 2024 அக்டோபர் 24 அன்று ஐரோப்பிய கிளப் கோப்பையில் ஆந்திரேகின் என்ற வீரரை வென்றபோது அர்ஜுன் 2800-ஐத் தாண்டியது லைவ் ரேட்டிங்கில், அதாவது ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மாறும் கணக்கில். 2799 என்று நீங்கள் பார்த்தது நவம்பர் 1 பட்டியல். ஃபிடே மாதத்துக்கு ஒருமுறைதான் வெளியிடும். இடையில் எட்டிய உச்சம் அதில் பதியாது.

எட்டிய உச்சத்திலிருந்து புள்ளி இறங்கப் பெரும்பாலும் காரணம் டிராதான். இந்த உயரத்தில் கே மதிப்பு (ஓர் ஆட்டத்தில் புள்ளி எவ்வளவு மாறலாம் என்பதை முடிவு செய்யும் எண்) 10. 2800-ல் இருப்பவர் 2700 ஆளுடன் டிரா செய்தாலே சுமார் 1.4 புள்ளி போய்விடும். தோற்கவே வேண்டாம்!

சரிபார்க்க, ஃபிடே தளத்தில் அர்ஜுனின் பக்கத்துக்குப் போய் நவம்பர் மாதக் கணக்கீட்டைத் திறங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டல் கழித்தல் இருக்கும். அப்படியே டிசம்பரையும் பாருங்கள், அதில் 2801. அதிகாரபூர்வமாக 2800-ஐத் தொட்டது அப்போதுதான். ஆனந்துக்கு அப்புறம் இந்தியாவில் இவர்தான் இரண்டாவது ஆள்.

ஒன்று கவனம்: கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்டம்), ரேபிட் (விரைவு), பிளிட்ஸ் (அதிவேகம்) மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு; இங்கே சொன்னதெல்லாம் கிளாசிக்கல். அந்த வருடக் கடைசியில் நியூயார்க்கில் நடந்த உலக ரேபிட், பிளிட்ஸ் முடிவுகளை இதோடு சேர்த்துக் கூட்டினால் கணக்கு ஒத்தே வராது.