ரோமானியக் கவச நூல்: ஸ்கேன் பிரதியைக் குழுவில் பகிரலாமா?

வணக்கம் நண்பரே. இப்போது அச்சில் இல்லாத ரோமானியக் கவச ஆய்வு நூலை முழுசாக ஸ்கேன் செய்து, கவசம் செய்யும் உங்கள் குழுவுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கடையில் கிடைக்கவில்லை என்பதால் உரிமை போய்விடாது. பிரிட்டனில் ஆசிரியர் இறந்த பிறகும் 70 ஆண்டுகள் காப்புரிமை உண்டு; உதாரணமாக, 1978-இல் மறைந்த ரோமானியக் கவச ஆய்வாளர் ரஸ்ஸல் ராபின்சனின் எழுத்துக்கு 2048 முடியும்வரை.

ஆனால் உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் தகவல்தானே? தகவலுக்கு யாரும் காப்புரிமை கோர முடியாது. 1964-இல் வட இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் ஒரு பெட்டிக்குள் கிடைத்த ரோமானியக் கவச இரும்புப் பட்டைகளின் அகலம், கனம், உள்பக்கத் தோல் வார்கள் எங்கே பிணைக்கப்பட்டன, தோள் பகுதியில் கீல் எந்த இடத்தில் வருகிறது, இதையெல்லாம் உங்கள் சொற்களில் எழுதி, நீங்களே படம் போட்டு, நூலின் பெயரும் பக்க எண்ணும் குறிப்பிட்டுத் தாராளமாகப் பகிருங்கள். நூலில் உள்ள வரைபடத்தின் மேல் தாளை வைத்து அப்படியே நகலெடுப்பது மட்டும் கூடாது. அது வரைந்தவரின் உழைப்பு.

அப்புறம், ஆய்வாளர் உயிரோடிருந்தால் நேரடியாக ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கவசம் செய்பவர்கள் தம் கட்டுரையைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தால், தாமே பிரதி அனுப்பிவைப்பவர்களும் உண்டு.