பெக்கோ டிரெயில்: கேட்டவர்களுக்குப் பதில்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்கள் வழியே போகும் நெடுநடைப் பாதையான பெக்கோ டிரெயில் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன். விசா, விமான டிக்கெட் எல்லாம் டிராவல்ஸில் கேளுங்கள்.

எங்கே தொடங்குகிறது, முழுதும் நடக்க வேண்டுமா?

கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி, கலஹா, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று மேலே ஏறி, அப்புத்தளை, எல்ல, தெமோதரை பக்கம் சுற்றி, உடப்புசல்லாவ வழியாக நுவரெலியாவில் முடிகிறது. 300 கி.மீ.க்குச் சற்று மேல், 22 கட்டம். முழுதும் நடக்கக் கட்டாயமில்லை, பிடித்த இரண்டு மூன்று கட்டங்களை மட்டும் நடக்கலாம்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழை கொட்டும், அப்போது ஊவாப் பக்கம் (அப்புத்தளை, எல்ல) காய்ந்திருக்கும். அக்டோபருக்குப் பிறகு ஊவாவிலும் மழைதான். 2025 நவம்பர் டித்வா புயலில் மலையகம் எங்கும் மண் சரிந்தது. அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் தோட்டத்து ஆளிடம் "பாதை இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். பாதை சரிந்து போய்விட்டது என்பது போன் வரைபடத்தில் இருக்கும் கோட்டுக்குத் தெரியாது.

காலில் ஏறும் அட்டைக்கு என்ன செய்வது?

நீளமான காலுறை போட்டு அதன் மேல் உப்போ சோப்போ தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்தால் பயப்பட ஒன்றுமில்லை, நகத்தால் நெம்பி எடுத்துவிட்டுக் காயத்தைக் கழுவுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: அம்மா பிறந்தது அங்கே ஒரு தோட்டத்தில். 1972-இல் இந்தியா வந்தார்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் தெரியும். அவர்கள் இருந்த லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) பார்க்க முடியுமா?

முடியும் அக்கா, ஆனால் நடக்கக் கிளம்புமுன் வீட்டில் தேடுங்கள். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்கள் என்றால் அந்தக் காலத்து பாஸ்போர்ட்டோ குடும்ப அட்டையோ எங்காவது ஒரு பெட்டியில் இருக்கும். அம்மாவின் பிறப்புப் பத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது, எந்த டிவிஷன் என்று தெரிய வேண்டும், மேல்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் நடுவில் ஒரு மலையே இருக்கும். பலகையில் இருக்கும் ஆங்கிலப் பெயர் ஒன்று, ஜனங்கள் கூப்பிடும் தமிழ்ப் பெயர் வேறொன்று, இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

போனதும் முதலில் மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். அங்கே வயதான ஒருவர் இருப்பார், உங்கள் தாத்தா பெயரையும் அவர் எந்தக் கங்காணியின் (ஆள் கூட்டி வந்து வேலை வாங்கியவர்) ஆள் என்பதையும் சொன்னால் போதும், அவரே லயத்து வாசலில் கொண்டுபோய் விடுவார். பழைய லயங்கள் பல இன்னும் நிற்கின்றன: தகரக் கூரை, முன்னால் ஒடுக்கமான இஸ்தோப்பு (திண்ணை), பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா (அறை), தண்ணீருக்குச் சற்றுத் தள்ளி ஒரு பீலி (நீர்க்குழாய்). அந்தக் காம்பராவில் இப்போது வேறொரு குடும்பம் வாழ்கிறது. கூப்பிட்டால் உள்ளே போங்கள், பிளேன்டீ கொடுத்தால் குடியுங்கள். கூப்பிடாமல் எட்டிப் பார்க்காதீர்கள்.

டொரன்டோவிலிருந்து: என் முப்பாட்டன் நடந்த பாதையில் நடக்க வேண்டும். அது இதுதானே?

இல்லை தம்பி. அவர் எந்த வருடம் போனார் என்று முதலில் பாருங்கள். தேயிலைக்கு முந்தைய கோப்பி (காப்பி) தோட்டக் காலத்து ஆட்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1914-இல் தனுஷ்கோடி தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு போனவர் என்றால், பெரும்பாலும் தமிழகக் கரையில் மண்டபம் முகாமில் இருந்துவிட்டுக் கப்பலிலும் ரயிலிலும் வந்திருப்பார். மலையக மக்கள் வந்த 200 ஆண்டை நினைத்து 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். உங்களுக்கு வேண்டிய பாதை அதுதான்.

மாத்தளையிலிருந்து: அது இப்போது லாரி ஓடும் தார் ரோடு, அதில் நடந்து என்ன பார்ப்பது? பெக்கோ பாதையை வெட்டியதும் எங்கள் ஆட்கள்தானே, அதை எப்படி இல்லை என்கிறீர்கள்?

வெட்டியவர்கள் அவர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. வண்டிப் பாதை, கான் (வடிகால்), கல் கட்டு எல்லாம் அவர்கள் கை. நான் சொல்வது, வந்த வழி வேறு, உழைத்த இடம் வேறு என்பது. இரண்டையும் ஒன்றாக்கினால் வழியில் செத்தவர்கள் கணக்கிலேயே வராமல் போய்விடுகிறார்கள்.

நீங்கள் கேட்டதால் இன்னொன்றும் சொல்கிறேன். இரண்டாவது கட்டம் முடியும் லூல்கந்துரையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 19 ஏக்கரில் இலங்கையின் முதல் வணிகத் தேயிலையைப் போட்டார் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த 19 ஏக்கரில் காடு வெட்டியவர் பெயர் ஒன்று சொல்லச் சொல்லுங்கள். லூல்கந்துரை இருக்கும் அதே ஹேவாஹெட்டைப் பக்கத்தில்தான் முல்லோயாத் தோட்டம். அங்கே 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் போலீஸ் சூட்டில் இறந்தார். வட்டகொடையைத் தாண்டும்போது மடக்கும்புரை எங்கே என்று கேளுங்கள், மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை பிறந்த தோட்டம் அது. அருவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

மாத்தளைக்காரருக்கு ஆதரவாக இன்னொருவர்: தார் ரோட்டில் வெயிலில் நடப்பது அஞ்சலியா?

அங்கே நடந்தவர்களிடம் கேளுங்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

அட்டை நிறைய இருக்குமா?

மேலே இருக்கிறது.

கொழுந்து பறிப்பவர்களோடு போட்டோ எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அன்றைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது, குறைந்தால் சம்பளத்தில் போகும். நீங்கள் கூடையைத் தூக்கி போஸ் கொடுக்கும் கால் மணி நேரம் அவருடைய கூலி.

தனியாகப் பெண் நடக்கலாமா?

நடக்கிறார்கள். ஆனாலும் தோட்டத்துப் பிள்ளை ஒருவரைக் கூலி கொடுத்து வழிக்குக் கூட்டிக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் வருமானம். நாலு மணிக்குள் கட்டத்தை முடித்துவிடுங்கள், மூடுபனி இறங்கினால் பக்கத்துத் தேயிலைத் தூர்கூடத் தெரியாது.

மழைக்காலத்தில் வரலாமா? அட்டை?

இரண்டும் மேலே. மூன்றாம் முறை எழுத மாட்டேன்.

லிப்டன் சீட் என்ற மலைக் காட்சிமுனை எந்தக் கட்டம்?

அப்புத்தளையைத் தாண்டி, தம்பேதன்னைத் தோட்டத்துக்கு மேலே. விடியும்போது அங்கே இருங்கள், ஒன்பது மணிக்கெல்லாம் மேகம் ஏறிவிடும்.