வடசிறகு ஒரு வார்டு, தென்சிறகு ஒரு வார்டா? வார்டு மறுவரையறை: கேள்வி - பதில்

கணக்கெடுப்புப் பேச்சு தொடங்கியதும் டெல்டா வாசகர்களின் கடிதங்களில் வார்டு எல்லை பற்றிய கேள்விகள் அதிகமாகிவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் வார்டெல்லாம் மாறிவிடும், அடுத்த மாநகராட்சித் தேர்தலே புது வார்டில்தான் என்று எங்கள் பகுதியில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா? (வாசகர், தஞ்சாவூர்)

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வாக்குப்பதிவு நடந்தது 2022 பிப்ரவரி 19. உறுப்பினர்கள் பொறுப்பேற்றது மார்ச் முதல் வாரம். அரசியலமைப்பு தரும் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. கணக்கெடுப்பின் குறிப்பு நேரமோ, அதாவது எந்தக் கணத்து மக்கள்தொகை என்று கணக்கு வைக்கிறார்களோ அது, 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு 12 மணி. இரண்டும் ஒரே வாரத்தில் வந்து நிற்கின்றன.

நகராட்சிகள் பற்றிய அரசியலமைப்பின் 74ஆவது திருத்தத்தின்படி 'மக்கள்தொகை' என்றால், கடைசியாக நடந்த கணக்கெடுப்புகளில் எதற்கு எண்கள் வெளியாகிவிட்டனவோ அதன் எண். எண்ணி முடித்தால் போதாது, வெளியிட வேண்டும். ஆகவே உரிய காலத்தில் தேர்தல் நடந்தால் அப்போது கையில் இருப்பது 2011 எண்தான். இப்போதைய வார்டுகளும் அந்த எண்ணை வைத்து, தமிழ்நாட்டின் 2017 மறுவரையறை ஆணையச் சட்டத்தின் கீழ் பிரித்தவையே. 2011இல் எண்ணியதற்கு 2022இல்தான் வாக்களித்தோம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. 2026 ஜனவரி 1 முதல் 2027 மார்ச் 31 வரை நிர்வாக எல்லைகளை மாற்றக்கூடாது என்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. எண்ணும்போதே எல்லை நகர்ந்தால் சில வீடுகள் இரண்டு முறை பதிவாகும், சில விட்டுப்போகும். கணக்கெடுப்பாளர் உங்கள் வீட்டுக்கு எழுதும் வார்டு எண் பழையதுதான்.

கேள்வி: எங்கள் வார்டில் வாக்காளர்கள் ஏராளம். பக்கத்து வார்டில் அதில் முக்கால்வாசிகூட இல்லை. இரண்டுக்கும் ஒரே ஒரு உறுப்பினர். இது அநியாயம் இல்லையா? (வாசகி, நாகூர்)

வார்டு பிரிப்பது வாக்காளர் எண்ணிக்கையை வைத்தல்ல, மக்கள்தொகையை வைத்து. கைக்குழந்தையும் அதில் ஒரு ஆள், விடுதி மாணவரும் ஒரு ஆள்.

நாகூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கங்களில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்ப்பவர் எண்ணும் நாட்களில் ஒருநாள்கூட ஊரில் இல்லையென்றால் கணக்கெடுப்பில் வரமாட்டார். 2011இல் அந்த நாட்கள் பிப்ரவரி 9 முதல் 28 வரை. ஆனால் அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் பல வீடுகளில் அப்படியே இருக்கும். வெளிநாட்டுக் குடும்பங்கள் மிகுந்த வார்டில் ஆளைவிட ஓட்டு அதிகமாகத் தெரிவது இதனால்தான். வார்டு எல்லை வரைவு வரும்போது வாக்காளர் எண்ணிக்கையை ஆதாரமாகக் காட்டி எழுதும் ஆட்சேபணை நிற்காது.

கேள்வி: ஒரு வார்டுக்கு இத்தனை பேர் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? எங்கள் தெருவை மட்டும் பக்கத்து வார்டில் சேர்ப்பதில் என்ன கஷ்டம்? (வாசகர், கும்பகோணம்)

கணக்கு வகுத்தல்தான். தஞ்சாவூரை எடுத்துக்கொள்வோம். 2011இல் 2,22,943 பேர். வார்டு 51. சராசரி 4,371. இதற்குப் பத்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்பது வார்டு பிரிப்பில் பழகிப்போன அளவு. அதாவது 3,934க்கும் 4,808க்கும் நடுவே.

சிக்கல் இதற்குப் பிறகுதான். கையிலிருக்கும் எண் தனித்தனி ஆளாக வராது, கணக்கெடுப்பு பிளாக்காக வரும். ஒரு கணக்கெடுப்பாளர் சுற்றிவரக்கூடிய பகுதி ஒரு பிளாக், ஏறக்குறைய 650 முதல் 800 பேர். 700 என்று வையுங்கள். தஞ்சாவூரில் ஒரு பிளாக்கை இந்த வார்டிலிருந்து அந்த வார்டுக்கு நகர்த்தினால் சராசரியில் 16 சதவீதம் நகர்ந்துவிடும். இரண்டு வார்டிலும் 4,400 பேர் இருந்தால், நகர்த்திய பிறகு ஒன்று 3,700, மற்றது 5,100. இரண்டுமே அளவுக்கு வெளியே. ஒன்று 4,750, மற்றது 3,950 என்றிருந்தால் அதே பிளாக் 4,050 ஆகவும் 4,650 ஆகவும் அழகாக உட்கார்ந்துவிடும். 'எங்கள் தெருவை மாற்றுங்கள்' என்ற ஒரே கோரிக்கை ஒரு வார்டில் ஏற்கப்பட்டு அடுத்த வார்டில் தள்ளுபடியாவதை அரசியல் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பாதி நேரம் இந்தக் கழித்தல் கூட்டல்தான்.

ஊர் சிறிதாகச் சிறிதாக இது மோசமாகும். திருவாரூரில் 58,301 பேருக்கு 30 வார்டு. சராசரி 1,943. ஒரு பிளாக்கே அதில் 36 சதவீதம். அங்கெல்லாம் பிளாக்கை உடைக்காமல் வார்டு பிரிக்கவே முடியாது. உடைக்க வேண்டுமானால் கணக்கெடுப்பாளர் வரைந்த வரைபடத்தையும் வீட்டு வரிசையையும் பார்த்து எந்த வீட்டோடு நிறுத்துவது என்று கோடு போட வேண்டும். வடமேற்கு மூலையில் தொடங்கித் தென்கிழக்கில் முடிவது கணக்கெடுப்பு எண்ணின் வழக்கம். நகராட்சிக் கதவு எண் வேறு வரிசை, அதிலும் பழைய எண், புது எண். இந்த இரண்டையும் பொருத்தும் இடத்தில்தான் பிழை நுழைகிறது. ஒரே ஊரில் மூன்று பிள்ளையார் கோயில் தெரு, இரண்டு காந்தி நகர் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் தெருவின் வடசிறகு (வடக்குப் பக்க வீட்டு வரிசை) ஒரு வார்டு, தென்சிறகு (தெற்குப் பக்க வரிசை) இன்னொரு வார்டு. குப்பை வண்டி ஒரு பக்கம் வருகிறது, எதிர்ப்பக்கம் வருவதில்லை. வரைவு வரும்போது ஆட்சேபணை எழுதினால் மாறுமா? எப்படி எழுதுவது? (வாசகர், மயிலாடுதுறை)

தெரு நடுவில் எல்லை போவது சட்டப்படி தவறல்ல. எல்லைக்குக் கண்ணில் தெரிகிற, நாளைக்கும் இருக்கிற ஒரு கோடு வேண்டும். ஆறு, ரயில் பாதை, பெரிய சாலை, வாய்க்கால். உள்தெருக்களில் வேறு எதுவும் கிடைக்காதபோது தெருவின் மையத்தையே எடுத்துக்கொள்கிறார்கள்.

டெல்டா ஊர்களில் இதைவிட நல்ல கோடு பல இடங்களில் இருக்கிறது: கொல்லைப்புறம். பழைய தெரு வீடுகள் வாசலில் தொடங்கி நீளமாகப் போய்க் கொல்லையில் முடியும். இரண்டு தெருவின் கொல்லைகள் முதுகோடு முதுகு ஒட்டும் இடத்தில் ஒரு வாய்க்காலோ சந்தோ இருக்கும். எல்லையை அங்கே தள்ளினால் இரு சிறகும் ஒரே வார்டில் வந்துவிடும். ஆனால் மனு எழுதுமுன் நேரில் போய்ப் பாருங்கள். கொல்லையை விற்று, பின்பக்கம் வாசல் வைத்துப் புது வீடுகள் வந்திருக்கலாம். வாய்க்கால் வரைபடத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கலாம். மேலே சிலாப் போட்டு மூடிய வாய்க்காலை எல்லையாகச் சொன்னால் அடுத்த முறை பட்டியல் எழுதுபவருக்கு அது எங்கே என்றே தெரியாது. கரைப் புறம்போக்கில் குடியிருப்பு இருந்தால் 'வடகரை', 'தென்கரை' என்று குறிப்பிட்டே எழுதுங்கள். வெறுமனே 'வாய்க்கால்' என்றால் அந்தக் குடிசைகள் எந்த வார்டிலும் சேராமல் தொங்கும்.

மனுவைப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதுபோல எழுத வேண்டும். மாதிரி (எண்கள் கற்பனை):

"வரைவில் 14ஆவது வார்டின் தெற்கெல்லை இன்ன தெருவின் மையம் என்று உள்ளது. இதை அத்தெருவின் தென்சிறகு வீடுகளுக்குப் பின்னுள்ள வாய்க்காலின் வடகரை என்று மாற்றக் கோருகிறோம். இதனால் 15ஆவது வார்டிலிருந்து கதவு எண் 2 முதல் 124 வரை இரட்டைப்படை எண்ணுள்ள 62 வீடுகள், சுமார் 240 பேர், 14ஆவது வார்டுக்கு வருவர். 14ஆவது வார்டு 2,310இலிருந்து 2,550 ஆகும். 15ஆவது வார்டு 2,480இலிருந்து 2,240 ஆகும்."

மயிலாடுதுறையில் 2011இல் 85,632 பேர், 36 வார்டு, சராசரி 2,379. மாதிரியில் உள்ள இரண்டு முடிவுகளும் பத்து சதவீதத்துக்குள் நிற்கின்றன. விசாரணையில் அதிகாரி முதலில் பார்ப்பது இதைத்தான். தன் வார்டுக்கு என்ன ஆகும் என்று எல்லோரும் எழுதுவார்கள், பக்கத்து வார்டுக்கு என்ன ஆகும் என்று எழுதுபவர் அரிது. அதை எழுதாத மனுவில் அந்தக் கணக்கை வேறு யாராவது உட்கார்ந்து போட வேண்டும். பெரும்பாலும் யாரும் போடமாட்டார்கள்.

இன்றைய ஆள்கணக்கை எழுதுவது அடுத்த தவறு. வரைவு எந்தக் கணக்கெடுப்பை வைத்து வந்ததோ அந்த ஆண்டின் எண்தான் செல்லும். அதற்குப் பின் முளைத்த நகருக்கு அந்தக் கணக்கில் ஆளே இல்லை. பிளாக் வாரியான கூட்டுத்தொகையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. ஆட்சேபணைக் காலம் அதைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதால் வரைவு வருமுன்பே கேட்டு வையுங்கள். வீட்டு வாரியாக யார் யார் என்று கேட்டால் கிடைக்காது. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி தனிப்பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது.

ஒரே வாசகத்தை நகலெடுத்து இருநூறு பேர் கையெழுத்திடுவதைவிட, ஒரு மனு, ஒரு கை வரைபடம், தெருவின் இரு முனைகளிலும் எடுத்த இரண்டு புகைப்படங்கள் போதும். அறிவிப்பில் எந்த அலுவலகம் என்று போட்டிருக்கிறதோ அங்கே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கவுன்சிலரிடம் கொடுத்தது கணக்கில் வராது. வார்டு பெண்களுக்கா, பொதுவா, ஆதிதிராவிடருக்கா என்ற ஒதுக்கீட்டுப் புகாரை இதில் கலக்காதீர்கள். அது தனி ஆணை.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அறிவிப்பில் 'கல்லணைக் கால்வாய்' என்றிருந்தால் அது நீங்கள் சொல்லும் புது ஆறுதான்.

கேள்வி: இறுதி அறிவிப்பு வந்த பிறகு நீதிமன்றம் போகலாமா? (வாசகர், திருவாரூர்)

அரசியலமைப்பே நகராட்சி வார்டு பிரிப்புச் சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதற்குத் தடை போட்டிருக்கிறது. அப்பட்டமான தன்னிச்சை என்றால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று தொகுதி வரையறை வழக்கொன்றில் 2024இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 'எங்கள் தெரு பிரிந்துபோனது' என்பது அந்த அளவுக்குப் போகாது. மறுவரையறையே முடியாமல் தேர்தல் அறிவித்தால் கதை வேறு. மாவட்டப் பிரிப்பில் சம்பந்தப்பட்ட ஒன்பது மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் அப்படித்தான் உச்ச நீதிமன்றத்தில் நின்றது.

கேள்வி: எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப்போவதாகச் சொல்கிறார்கள். வார்டு மாறுவதும் இதுவும் ஒன்றா? (வாசகி, மன்னார்குடி)

இல்லை. அது நகர எல்லை விரிவாக்கம், அரசு தனியாக ஆணையிடும். சேர்ந்த பிறகுதான் புது எல்லைக்குள் வார்டு பிரிப்பார்கள். ஊரக வேலை உறுதித் திட்டம் ஊரகத்துக்கு மட்டும் என்பதாலும், வீட்டு வரி நகராட்சி விகிதத்துக்குப் போகும் என்பதாலும், உங்கள் ஆட்சேபணையைச் சேர்ப்பு அறிவிப்பின்போதே கொடுத்துவிடுங்கள். வார்டு வரைவு வரும்போது சேர்ப்பைப் பற்றிப் பேச இடம் இருக்காது.

கேள்வி: தொகுதி மறுவரையறை என்று செய்தியில் வருவது இதுதானா? (வாசகர், பாபநாசம்)

அது சட்டமன்றம், நாடாளுமன்றம். டெல்லியில் அமையும் ஆணையத்தின் வேலை. 2008இல் அமலுக்கு வந்த மறுவரையறையில் வலங்கைமான், குத்தாலம் தொகுதிகள் மறைந்தது அந்த வகை. வார்டு பிரிப்பது மாநில வேலை.

கேள்வி: போன முறை வாக்களிக்கப் போனபோது என் பெயர் பக்கத்து வார்டுப் பட்டியலில் இருந்தது. எல்லைப்படி நான் அந்த வார்டே இல்லை. தவறு எங்கே? (வாசகி, பட்டுக்கோட்டை)

எல்லையில் தவறு இல்லாமலே இது நடக்கும். உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனியாக வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுப்பதில்லை. சட்டமன்றப் பட்டியலை வார்டு வாரியாகப் பிரித்து அடுக்குகிறார்கள். அந்தப் பட்டியலின் பாகங்களுக்கும் (ஒரு வாக்குச்சாவடிக்கு ஒரு பாகம்) வார்டு எல்லைக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு பாகத்துக்குள் தெருவாரியாகப் பிரிவுகள் இருக்கும். ஒரு பிரிவை மொத்தமாக ஒரு வார்டில் போட்டுவிட்டால், எல்லை அந்தத் தெருவை வெட்டிக்கொண்டு போகிற இடத்தில் ஒரு பக்கத்து வீடுகள் முழுக்கத் தவறான வார்டுக்குப் போய்விடும். உங்கள் ஒருவர் பெயர் மட்டும் இப்படி இருக்காது, உங்கள் வரிசையில் உள்ள எல்லோர் பெயரும் இருக்கும்.

வார்டு வாரிப் பட்டியல் வெளியானதும் உங்கள் பாக எண்ணையும் பிரிவு எண்ணையும் வைத்துக்கொண்டு எதிர்வீடு, இடப்பக்க வீடு, வலப்பக்க வீடு மூன்றும் எந்த வார்டில் என்று பாருங்கள். தவறு இருந்தால் வரிசை முழுவதற்கும் சேர்த்து, கதவு எண்களோடு, வாக்காளர் பதிவு அலுவலரிடம் எழுதுங்கள். வாக்காளர் அட்டையை மாற்ற வேண்டியதில்லை.