ஃபயர்பேர்டும் ஃபயர்பாக்ஸும் ஒன்றா?

கேள்வி: மஞ்சள் மண்டி நடத்துகிறோம். கணக்கு எழுதும் கணினி மெதுவாகிவிட்டதால், தேவையற்ற மென்பொருள்களை நீக்க உட்கார்ந்த என் மகன், பட்டியலில் ‘ஃபயர்பேர்டு’ என்று ஒன்றைக் கண்டான். அது ஃபயர்பாக்ஸ் உலாவியின் பழைய பெயர்தான், எடுத்துவிடலாம் என்கிறான். எடுக்கலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: எடுக்க வேண்டாம். தங்கள் மகன் சொல்லும் பெயர்க்கதை உண்மைதான். ஆனால் தங்கள் கணினியில் இருப்பது அநேகமாக அந்த உலாவி அன்று. கவுண்டம்பாளையத்துக்கு டிக்கெட் கேட்டால் எந்தக் கவுண்டம்பாளையம் என்று நடத்துநர் திருப்பிக் கேட்பாரே, அந்தக் கேள்வியை இங்கும் கேட்டாக வேண்டும்.

மொசில்லா குழுவினர் 2002-இல் வெளியிட்ட உலாவியின் முதற்பெயர் ஃபீனிக்ஸ். அந்தப் பெயருக்கு ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸ் நிறுவனம் உரிமை கோரியதால், 2003 ஏப்ரலில் அதை ஃபயர்பேர்டு என்று மாற்றினார்கள். அதே பெயரில், தகவல்களைச் சேமித்து வைக்கும் ஒரு தரவுத்தள மென்பொருள் ஏற்கெனவே இருந்தது. போர்லாண்ட் நிறுவனம் 2000-இல் இன்டர்பேஸ் என்ற தன் தரவுத்தள மென்பொருளின் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டபோது, அதிலிருந்து கிளைத்து வளர்ந்தது அது. அத்திட்டத்தினர் கடுமையாக எதிர்க்கவே, 2004 பிப்ரவரியில் உலாவி ஃபயர்பாக்ஸ் ஆயிற்று. தேடிப் பார்த்திருந்தால் முதலிலேயே தவிர்த்திருக்கக்கூடிய சங்கடம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தரவுத்தளமான ஃபயர்பேர்டு இன்றும் அதே பெயரில் வெளிவருகிறது. கணக்கு மென்பொருள்கள் பல, பேரேட்டையும் இருப்பையும் சேமிக்க அதைத் தம்முடன் சேர்த்தே நிறுவிவிடுவதால், அது தனக்கென்று ஒரு திரையும் காட்டாமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் ‘ஃபயர்பேர்டு சர்வர்’ என்று இருந்தாலோ, கணக்குக் கோப்பின் பெயர் எஃப்.டி.பி. (.fdb) என்று முடிந்தாலோ, அது தரவுத்தளம்தான், ஐயமே வேண்டாம்.

ஒருவேளை இதற்குள் நீக்கிவிட்டிருந்தால் பதற வேண்டியதில்லை. கணக்குக் கோப்பு பெரும்பாலும் வன்தட்டில் அப்படியே இருக்கும். அதைத் திறக்கும் சாவிதான் போயிருக்கும். ஆனால் கைக்குக் கிடைத்த புதிய பதிப்பை நிறுவிவிடாதீர்கள். 2.5 பதிப்பில் உருவான கோப்பை 3.0 பதிப்பு நேரடியாகத் திறக்காது; பழைய பதிப்பில் காப்புநகல் எடுத்து, புதியதில் மீட்டமைக்க வேண்டும். ஆகவே, மென்பொருளை நிறுவித் தந்தவரிடம் பதிப்பு எண்ணைக் கேட்டு, அதையே மறுபடி நிறுவச் சொல்லுங்கள். காப்புநகலையும் அந்த மென்பொருளில் உள்ள வசதியின் வழியாகவே எடுங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பைப் பென்டிரைவில் வெறுமனே நகலெடுத்தால், அந்த நகல் பழுதாகிவிட வாய்ப்புண்டு.